கோஸ்டா டெல் சோல்: மணலை விட்டு மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தெற்கே, மாலகா மாகாணத்தின் மத்திய தரைக்கடல் ஓரத்துக்குக் கோஸ்டா டெல் சோல் என்று பெயர். கிழக்கே நெர்ஹாவில் தொடங்கி மேற்கே மனில்வா வரை 150 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தக் கரை, குளிர்நாட்டு ஐரோப்பியர்கள் வெயில் காய வரும் இடமாகத்தான் பேர் வாங்கியிருக்கிறது. விளம்பரங்களில் வருவதும் ஓட்டல், நீச்சல் குளம், வரிசையாகக் குடைகள்தான். அங்கே போகத் திட்டமிடும் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், அந்தக் குடைகளுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெயிலும் கடற்கரையும் நம்மூரிலேயே இருக்கின்றன. அதற்காக ஸ்பெயின் வரை போக வேண்டுமா?

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். மாலகாவின் மணல் பல இடங்களில் சாம்பல் நிறம், பருபருவென்று இருக்கும். மெரினாவில் நடந்து பழகிய கால்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

போக வேண்டிய காரணம் கடலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே மலை எழும்பிவிடுகிறது. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் அதற்கு முன்னும் கடலடியில் படிந்த வண்டல், ஆப்பிரிக்க நிலத்தட்டு வடக்கே நெருக்கியதில் மேலே தூக்கப்பட்டு மலையானது. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைக்கும். அப்படிக் கரைந்த இடமெல்லாம் குகை, மலையிடுக்கு, கல்கோபுரம் என்று ஆகிவிட்டது. கீழே வரும் நெர்ஹா குகை, தோர்கால் பாறைகள், காமினிதோ நடைபாதை ஓடும் இடுக்கு எல்லாம் இந்தச் சுண்ணாம்பு வகைக் கல்லின் வேலை.

கரையில் அவ்வளவு வெயில் இருப்பதற்கும் அந்த மலைக்கும் தொடர்பு உண்டு. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அது தடுத்துவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் மழைமேகத்தையும் பெரும்பாலும் தானே வாங்கிக்கொள்கிறது. மாகாண எல்லைக்குச் சற்று வெளியே இருக்கும் கிராஸலேமா என்ற மலையூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஸ்பெயினிலேயே அதிகம் நனையும் ஊர்களில் அது ஒன்று. அதே மழை மலையைத் தாண்டி மாலகா நகருக்கு வரும்போது நான்கில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சுகிறது.

ஆகவே தங்குவது கரையில், காலையில் மலை, மாலையில் கடல். என்னைக் கேட்டால் இந்தப் பகுதியைப் பார்க்கச் சரியான முறை இதுதான்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள் என்று சொல்லக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. கரையில் 30 டிகிரி இருக்கும்போது, உள்நாட்டில் இருக்கும் அந்தெகேரா நகர்ப் பக்கம் 40-ஐத் தொடும். 'தெர்ரால்' என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் காற்று மலையிலிருந்து இறங்கி வீசும் நாட்களில் மாலகா நகரமே அனலாகிவிடும். பாறை மேல் நடக்கும் திட்டம் எதுவும் அப்போது சரிவராது.

எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தும் மாதம் மாறும். பூநாரைக்குப் பிப்ரவரி முதல் ஜூன் வரை. உலர்திராட்சை காய்வதைப் பார்க்க ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். செஸ்நட் காடு செம்பு நிறமாக மாறுவது நவம்பர் முதல் பாதியில். ஆப்பிரிக்காவுக்குப் பறந்து போகும் கழுகுகளையும் நாரைகளையும் ஜிப்ரால்டர் நீரிணையில் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர்.

கார் இல்லாமல் முடியுமா?

பாதி முடியும். விமான நிலையத்திலிருந்து மாலகா நகருக்கும் ஃபுவென்ஹிரோலா வரைக்கும் உள்ளூர் ரயில் ஓடுகிறது. நெர்ஹாவுக்கும் ரோண்டா என்ற மலைநகருக்கும் பஸ் உண்டு. காமினிதோவுக்கு எல் சோர்ரோ ஸ்டேஷன் வரை ரயிலில் போகலாம், ஆனால் நாளுக்குச் சில வண்டிகள்தான். தோர்கால், பிலேத்தா குகை, செஸ்நட் கிராமங்கள், பின்சாப்போ என்ற ஊசியிலை மரக் காடு இவற்றுக்குக் கார் இல்லாவிட்டால் நாள் முழுவதும் காத்திருப்பிலேயே போய்விடும். இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் சிறிய கார் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மலைக்கிராமத்துத் தெருக்களில் பெரிய கார் திரும்பாது. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் முதல் நாளே மலைச்சாலையில் ஏறாமல், கரையோரத்தில் ஓட்டிப் பழகிவிட்டு ஏறுவது நல்லது.

காமினிதோ தெல் ரேய் 'உலகிலேயே ஆபத்தான பாதை' என்கிறார்களே. பயமாக இருக்குமா?

உயரம் என்றாலே தலை சுற்றுகிறவருக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டப்பெயர் பழைய பாதைக்கு உரியது. இன்றைய பாதை முற்றிலும் பாதுகாப்பானது.

குவாதல்ஓர்சே என்ற ஆறு சுண்ணாம்பு மலையை அறுத்துக்கொண்டு போகும் இடம் இது. நீர்மின் நிலையங்கள் இரண்டை இணைக்க, பாறைச் சுவரில் ஒட்டினாற்போல் ஒரு நடைபாதையை 1901-க்கும் 1905-க்கும் இடையில் கட்டினார்கள். தொழிலாளர்கள் சாமான் சுமந்து போனது அதில்தான். பக்கத்துக் குடியிருப்புகளின் ஆட்களும் அதையே வழியாக வைத்திருந்தார்கள். 1921-இல் மன்னர் 13-ஆம் அல்ஃபோன்ஸோ அங்கே அணை திறக்க வந்து இதில் நடந்தார். 'அரசரின் சின்னப் பாதை' என்ற பெயர் அதனால் வந்தது. பிற்காலத்தில் கவனிப்பாரற்றுத் தளம் இடிந்து, இரும்புச் சட்டம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த நிலையிலும் மலையேறிகள் அதில் போனார்கள். 1999, 2000 ஆண்டுகளில் சிலர் விழுந்து இறந்த பிறகு நுழைவாயிலையே உடைத்து மூடினார்கள். புதுப் பாதை 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது.

மொத்த நடை 7.7 கிலோமீட்டர். அதில் பாறையில் பொருத்திய பலகைப் பாதை 2.9 கிலோமீட்டர். அகலம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும், ஒரு பக்கம் கம்பி வேலி, ஆறு 100 மீட்டர் கீழே. புதுப் பலகைக்கு அடியிலேயே பழைய பாதை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது. நின்று குனிந்து பாருங்கள்: தளம் பெயர்ந்து விழுந்த ஓட்டை, அதன் குறுக்கே துருப்பிடித்த ஒற்றைத் தண்டவாளம், அதற்கும் கீழே பச்சைத் தண்ணீர். அதன் மேல் மூட்டை சுமந்து நடந்தவர்களை நினைத்தால்தான் அந்த இடத்தின் கனம் புரியும். எதிர்ச்சுவரில் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து நுழைந்து வெளியே வரும். தலைக்கு மேல் பிணந்தின்னிக் கழுகுகள் சுற்றும். பாறையில் அம்மோனைட் என்ற சுருள்சிப்பி உயிரின் புதைபடிவம் தெரியும் இடமும் உண்டு; வழிகாட்டியோடு போனால் காட்டுவார்.

கடைசியில் இடுக்கைக் கடக்கும் தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. காற்றடித்தால் ஆடும். அதற்காகவே போகிறவர்களும் உண்டு, அதை நினைத்தே தயங்குகிறவர்களும் உண்டு. பாதை வடக்கிலிருந்து தெற்காக ஒரு வழிதான், நடுவில் திரும்ப முடியாது. அதனால் தயக்கம் இருந்தால் கிளம்பும் முன்பே முடிவெடுங்கள்.

8 வயதுக்குக் கீழே குழந்தைகளை விடமாட்டார்கள், தோளில் தூக்கிப் போனாலும். ஹெல்மெட் தருவார்கள், கட்டாயம். திங்கட்கிழமை மூடியிருக்கும், பலத்த காற்றோ மழையோ வந்தாலும் மூடுவார்கள். டிக்கெட் விலை அதிகமில்லை, ஆனால் வாரக்கணக்கில் முன்பே விற்றுப் போகும். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் எடுத்துவிடுவது உத்தமம். முடிவில் இருந்து தொடங்கிய இடத்துக்குப் பஸ் ஓடுகிறது. கையில் சில்லறை இருக்கட்டும்.

டிக்கெட் கிடைக்கவில்லை. வேறு என்ன பார்க்கலாம்?

எல் தோர்கால். டிக்கெட் கிடைத்தாலும் இதைப் பாருங்கள் என்பேன். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காமினிதோவை விட்டுவிட்டு இங்கே போவேன்.

அந்தெகேரா நகருக்குத் தெற்கே, 1,300 மீட்டரைத் தாண்டும் உச்சியோடு, 17 சதுர கிலோமீட்டரில் பரந்த கல்வெளி இது. பாறைகள் எல்லாம் தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல் இருக்கும். காரணம் எளிது. கடலடியில் படுகை படுகையாகப் படிந்த கல், மடங்காமல் கிட்டத்தட்டக் கிடையாகவே மேலே தூக்கப்பட்டது. மிருதுவான படுகையை மழையும் பனியும் வேகமாக அரித்தன, கடினமான படுகை பிதுங்கி நின்றது. இடையில் இருந்த வெடிப்புகள் அகலமாகித் தெருக்கள் போல் ஆயின. 'எல் தோர்னீயோ' என்ற திருகாணிப் பாறை அதில் பேர்பெற்றது.

கட்டணம் இல்லை. குறிபோட்ட பாதைகளில் சிறியது ஒன்றரைக் கிலோமீட்டர், அடுத்தது மூன்று கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஈரமானால் அந்தக் கல் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். மூடுபனி இறங்கினால் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி தெரியும், குறியை விட்டு விலகவே கூடாது. ஐபெக்ஸ் என்ற காட்டு மலையாடுகள் சர்வசாதாரணமாகப் பாறை உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். தீனி போடாதீர்கள்.

இறங்கும் வழியில் அந்தெகேராவின் கல்திட்டைகளையும் பார்த்துவிடுங்கள். மெங்கா என்ற திட்டை ஏறத்தாழ 5,700 ஆண்டுப் பழமை. அதன் கூரைக்கல் ஒன்று மட்டும் 150 டன்னை ஒட்டிய எடை. இந்தவகைக் கட்டடங்கள் பல சூரியன் உதிக்கும் திசையைப் பார்க்கும். மெங்காவின் வாசலோ எதிரே இருக்கும் ஒரு மலையைப் பார்க்கிறது. படுத்திருக்கும் மனித முகம் போன்ற அந்த மலைக்குக் காதலர் பாறை என்று பெயர். ரொமேரால் என்ற மற்றொரு திட்டை தோர்காலைப் பார்க்கிறது. இந்த இரண்டு மலைகளையும் திட்டைகளோடு சேர்த்தே 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மலையே கோயிலாக இருந்த காலம் ஒன்று அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

நெர்ஹா குகையா, பிலேத்தா குகையா?

இரண்டும் வேறு வேறு அனுபவம்.

நெர்ஹா பெரியது, வசதியானது. 1959 ஜனவரி 12 அன்று மாரோ கிராமத்துப் பையன்கள் ஐந்து பேர் வௌவால் பிடிக்கப் போய் ஒரு துவாரத்தில் நுழைந்து இதைக் கண்டார்கள். மறு ஆண்டே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நீளக் குகையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நாம் பார்க்க முடியும். கூரையிலிருந்து இறங்கிய கல்விழுதும் தரையிலிருந்து வளர்ந்த கல்லும் சேர்ந்து 32 மீட்டர் உயரத் தூணாகி நிற்கும் கூடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புதான் அத்தனையும். 41,000 ஆண்டுகளாக மனிதர்கள் அங்கே வந்து போயிருப்பதை, அவர்கள் கொளுத்திய தீவட்டிகளின் கரித்துணுக்கை வைத்துக் கணக்கிட்டு 2023-இல் ஒரு ஆய்வு வெளியானது. ஓவியங்கள் உள்ள பகுதி பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. மூச்சுக்காற்றும் விளக்கும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் அது நியாயமே.

அப்படிப்பட்ட ஓவியங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றால் ரோண்டாவுக்குத் தென்மேற்கே, பெனாவோஹான் ஊருக்கு அருகே உள்ள பிலேத்தாவுக்குப் போக வேண்டும். 1905-இல் ஹோசே புயோன் என்ற விவசாயி வயலுக்கு எருவாக வௌவால் எச்சம் தேடிக் கயிறு கட்டி இறங்கி இதைக் கண்டார். பிறகு அந்தக் குடும்பமே தலைமுறை தலைமுறையாக ஆட்களை உள்ளே அழைத்துக் காட்டி வந்திருக்கிறது. உள்ளே மின்விளக்குக் கிடையாது. சிறு குழுவாகப் போவோம், சிலர் கையில் விளக்கு இருக்கும், அவ்வளவுதான் வெளிச்சம். காலடியில் ஈரம், படிகள் வழுக்கும். வழிகாட்டி விளக்கைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்ததும் கோடுகள் எழும்பும்: மஞ்சளில், சிவப்பில், கருப்பில் குதிரை, காட்டாடு, மாடு. உள்ளே ஆழத்தில் ஒன்றரை மீட்டர் நீள மீன் ஒன்று கரும்கோட்டில் இருக்கிறது. வரைந்தவர்கள் கையிலும் ஆடிக்கொண்டிருந்த சுடர்தானே இருந்திருக்கும்? மின்விளக்குப் போட்டிருந்தால் இந்தப் படங்கள் இப்படிப் பேசாது.

படம் எடுக்க அனுமதி இல்லை. முன்பதிவு தேவை. ஒரே ஒரு குகைதான் என்றால் பிலேத்தா. சின்னக் குழந்தைகளோ முட்டுவலிக்காரர்களோ கூட இருந்தால் நெர்ஹா.

பூநாரையை நாம் கோடியக்கரையிலேயே பார்க்கலாமே?

பார்க்கலாம். கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் பெரும்பூநாரையும் இங்கே இருப்பதும் ஒரே இனம். ஆனால் தமிழ்நாட்டில் அது விருந்தாளி. இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது.

அந்தெகேராவுக்கு வடமேற்கே ஃபுவெந்தே தே பியெத்ரா என்ற உப்பு ஏரி இருக்கிறது. நீளம் ஆறு கிலோமீட்டருக்கு மேல். இதற்கு வெளியே போகும் ஆறு கிடையாது. மழைநீர் தேங்கும், வெயிலில் வற்றும், உப்பு மிஞ்சும். 1984 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. நல்ல மழை பெய்த குளிர்காலத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான இணைகள் ஏரித்திட்டில் சேற்றைக் குவித்துக் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் ஒரு கூடும் இருக்காது. ஏரியில் இரை போதாதபோது பெற்றோர்ப் பறவைகள் இரவில் 150 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, குவாதல்கிவீர் ஆற்றின் கழிமுகச் சதுப்பில் மேய்ந்துவிட்டு வந்து குஞ்சுக்கு ஊட்டும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தூரத்தில் ஒரு ரோஜாக் கோடாக மட்டும் தெரியும் அந்தக் கூட்டத்தின் மீது தனி மரியாதையே வந்துவிடும்.

பறவைகள் கரைக்கு அருகே வருவது குறைவு. பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். போகும் முன் அந்த ஆண்டு தண்ணீர் இருக்கிறதா என்று பார்வையாளர் மையத்தில் கேளுங்கள்.

கடலில் நீந்துவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

நெர்ஹாவின் புரியானா கடற்கரையிலிருந்து கயாக் எடுத்துக் கிழக்கே மாரோ பக்கம் துடுப்புப் போடுங்கள். மாரோ-செர்ரோ கோர்தோ என்ற இந்த 12 கிலோமீட்டர்ப் பாறைக்கரை பாதுகாக்கப்பட்ட இடம். கடலுக்குள் ஒரு மைல் வரை அந்தப் பாதுகாப்பு நீள்கிறது. செங்குத்துப் பாறை, சின்னச் சின்னக் குகை, பாறையிலிருந்து நேராகக் கடலில் விழும் அருவி ஒன்று. அருவியின் அடிக்குக் கடல் வழியாகத்தான் போக முடியும். சில சிறு கரைகளில் படகு ஒதுக்க அனுமதி இல்லை. வாடகைக்குத் தருபவர் சொல்வார், கேட்டு நடங்கள்.

நீர்க்கண்ணாடி போட்டுக் கீழே பார்த்தால் பச்சை நாடாவாக அசையும் புல்வெளி தெரியும். பாசி என்று நினைப்போம். அது பொசிதோனியா, பூப்பூக்கும் தாவரம், மத்திய தரைக்கடலில் மட்டும் வளர்வது. அது வளரும் பரப்பின் மேற்கெல்லை இந்தப் பக்கம்தான். மீன்குஞ்சுகளுக்கு அது தொட்டில், மணலுக்கு வேலி. நங்கூரம் ஒரு முறை இழுத்துக் கிழித்தால் மூடிவளர மிகப் பல ஆண்டு ஆகும்.

தண்ணீர் சில்லென்றிருக்கும், கோடையிலும். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் தண்ணீர் மேல்மட்டத்தில் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. உப்புக் கூடின மத்திய தரைக்கடல் நீர் அடியில் வெளியே போகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஓங்கில்களும் (டால்பின்) அதிகம். திமிங்கிலம் பார்க்க ஆசையென்றால் இரண்டு மணி நேரம் மேற்கே தாரிஃபாவுக்குப் போய்ப் படகேற வேண்டும். பைலட் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் இருக்கும். சூரை மீனைத் துரத்தி வரும் ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கிலங்களை ஜூலை, ஆகஸ்டில் பார்க்க வாய்ப்பு உண்டு. எதிரே 14 கிலோமீட்டரில் மொராக்கோவின் மலை.

இவ்வளவு வெயிலில் பனி, காடு எல்லாம் எப்படி?

மார்பெயாவுக்குப் பின்னால் இருக்கும் சியெர்ரா தே லாஸ் நியேவெஸ் 2021-இல் தேசியப் பூங்காவானது. உச்சி 1,919 மீட்டர். குளிர்காலத்தில் பனி விழும். ஐஸ் பெட்டி வராத காலத்தில் ஆட்கள் அந்தப் பனியைக் குழிகளில் மிதித்து இறுக்கி, தழை போட்டு மூடி வைத்து, கோடையில் இரவோடிரவாகக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக் கீழே நகரங்களுக்கு விற்றார்கள். அந்தக் குழிகள் இன்றும் தெரிகின்றன.

ஆனால் அங்கே போகச் சொல்வது பின்சாப்போவுக்காக. ஊசியிலை மரம், பனியூழிக் காலத்தின் எச்சம். உலகம் வெதுவெதுப்பானபோது குளிர்ந்த ஈரச் சரிவுகளைத் தேடி மேலே ஏறி, இன்று தென் ஸ்பெயினின் மூன்று மலைகளில் மட்டும் இயற்கையாக வளர்கிறது. ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள் (ஒடிக்காமல்): குட்டையான, தடித்த ஊசிகள் குச்சியைச் சுற்றி எல்லாப் பக்கமும் விறைத்து நிற்கும். யுன்கேரா ஊரிலிருந்து ஏறும் பாதைகளில் நல்ல காடு இருக்கிறது. மூன்றாவது இடமான சியெர்ரா பெர்மெஹாவில் 2021 செப்டம்பரில் பற்றிய தீ பல ஆயிரம் ஹெக்டேரை எரித்தது. கிராமங்களைக் காலி செய்தார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். இனி இந்த மரத்துக்கு ஏறிப்போக மேலே இடமில்லை என்பதுதான் கவலை.

நவம்பரில் போகிறவர்கள் ரோண்டாவுக்குத் தெற்கே ஹெனால் பள்ளத்தாக்கில் புஹெர்ரா, இகுவாலெஹா பக்கம் செஸ்நட் தோப்புகளைப் பாருங்கள். மலை முழுக்கச் செம்பாகியிருக்கும். தோப்புகள் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. தரையில் கிடக்கும் காயைப் பொறுக்கினாலும் அது ஒருவருடைய விளைச்சல். கிராமத்துக் கடையில் வாங்குங்கள்.

ரோண்டா?

எல்லாரும் போகிறார்கள், போகத் தகுந்ததுதான். ஊர் நடுவே உள்ள ஆழப் பள்ளத்தின் மேல் 1793-இல் கட்டி முடித்த 98 மீட்டர் உயரப் பாலத்தை மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல், பள்ளத்துக்குள் இறங்கிக் கீழிருந்து பாருங்கள். பகல் பஸ்கள் கிளம்பிய பிறகு ஊர் அமைதியாகிவிடும். ஓர் இரவு தங்குவது நல்லது.

கந்தக ஊற்று ஒன்று இருக்கிறதாமே?

கசாரெஸ், மனில்வா ஊர்களுக்கு இடையே ரோமானியர் காலத்துக் குளியல் தொட்டி. அழுகின முட்டை நாற்றம், குளிர்ந்த நீர். ஜூலியஸ் சீசரின் தோல்நோய் இங்கே குணமானதாக ஊர்க்கதை உண்டு. வளைவுக்கூரைக்குக் கீழே கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பது நன்றாகத்தான் இருக்கும். கோடையில் முன்பதிவு கேட்பார்கள். வெள்ளி நகையைக் கழற்றி வையுங்கள், கறுத்துவிடும்.

மற்றவர்கள் அதிகம் போகாத இடம் ஒன்று சொல்லுங்கள்.

மாலகாவுக்கும் நெர்ஹாவுக்கும் இடையே உள்ள ஆக்ஸார்கியா மலைப்பகுதியின் உலர்திராட்சைக் கிராமங்கள். அல்மாச்சார், எல் போர்ஹே. சரிவு அவ்வளவு செங்குத்து, அறுவடைக் கூடைகளைக் கோவேறு கழுதைதான் சுமக்கிறது. தெற்கு நோக்கிச் சாய்ந்த நீள்சதுரப் பாத்திகளில் மஸ்கட் திராட்சைக் கொத்துகளைப் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். ஒரு பக்கம் சுருங்கியதும் ஒவ்வொரு கொத்தையும் கையால் திருப்ப வேண்டும். பனி படாமல் இரவில் துணி போட்டு மூட வேண்டும். காய்ந்த பிறகு கத்தரிக்கோலால் பழம் பழமாக நறுக்கிப் பிரிக்கிறார்கள். 2017-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இதை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. வேரைத் தின்னும் ஃபில்லாக்ஸெரா பூச்சி ஸ்பெயினில் முதன்முதலில் 1878-இல் தென்பட்டது இந்த மலையில்தான். திராட்சையை நம்பியிருந்த ஊர்கள் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறின. மிஞ்சியவர்கள் விடாமல் வைத்திருக்கும் தொழில் இது. ஒரு பெட்டி வாங்கி வந்தால் அவர்களுக்கு நேரடி உதவி.

அதே மலையின் தாழ்ந்த சரிவுகளில் மாந்தோப்புகளும் அவகாடோத் தோப்புகளும் பார்ப்பீர்கள். ஐரோப்பிய நிலப்பரப்பில் மா விளையும் மிகச் சில இடங்களில் ஒன்று. செப்டம்பரில் பழம் வரும், நன்றாகவே இருக்கும். ஆனால் தண்ணீர்? இந்தத் தோப்புகளுக்குப் பாயும் வின்யுவேலா அணை 2023-இல் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மழையையே நம்பி வளரும் திராட்சைக்கொடியும், குழாய்த் தண்ணீர் கேட்கும் மாமரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் அந்தச் சரிவு, இந்தக் கரையின் வருங்காலச் சிக்கலை அப்படியே காட்டுகிறது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்கினால். 'அஹோபிளாங்கோ' என்று பாதாம், பூண்டு, ரொட்டி அரைத்த குளிர்ந்த சூப், மேலே திராட்சை மிதக்கும். மாலகாவின் சொந்தச் சரக்கு. கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். பாகு ஃப்ரிகிலியானா ஊரில் காய்ச்சுவது. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் ஒரே கரும்புப் பாகு ஆலை அதுதான் என்கிறார்கள். அந்தெகேராவின் 'போர்ரா' தக்காளிக் கூழ் கேட்டால் பன்றி இறைச்சியும் சூரை மீனும் முட்டையும் தூவிக் கொண்டுவருவார்கள், முன்பே "சின் ஹாமோன், சின் அதூன்" (பன்றி இறைச்சி வேண்டாம், சூரை வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். சூரை மீனை இறைச்சி என்று அங்கே பலரும் கணக்கில் வைப்பதில்லை.

மீன் சாப்பிடுகிறவர்கள் மாலகாவின் எல் பாலோ பக்கம் கடலோரக் கடையில் 'எஸ்பெத்தோ' கேளுங்கள். மணல் நிரப்பிய பழைய படகில் ஆலிவ் விறகு எரியும். ஐந்தாறு மத்தி மீனை ஒரே நாணல் குச்சியில், முள்ளுக்குக் கீழே கோத்துத் தணலுக்குப் பக்கத்தில் நட்டுவைப்பார்கள். தணலுக்கு மேலே அல்ல. உப்பைத் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு இருக்கும், அப்போதுதான் ருசி.

எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தீ. ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை காட்டுப்பகுதியில் நெருப்பு மூட்டச் சட்டப்படி தடை, சிகரெட் துண்டைக்கூட எறியக் கூடாது. அடுத்தது பாதை மூடல். நெர்ஹாவில் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் சில்லார் ஆற்று நடை இணையத்தில் ரொம்பப் பிரபலம், ஆனால் தீ அபாயத்தாலும் கூட்டம் செய்த சேதத்தாலும் அண்மை ஆண்டுகளில் நீண்ட காலம் மூடப்பட்டிருந்தது. பழைய வீடியோவை நம்பிப் போகாமல், அந்தந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் முந்தைய நாளே கேளுங்கள். கடலில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். மலையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. எந்த அவசரத்துக்கும் எண் 112.